சுவரை விட்டு வராத போன்

பெரியக்கா குளித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய வீட்டு வாசல் கதவை உடைத்தார்கள்.

திருடர்கள் உடைத்திருந்தால்கூடப் பரவாயில்லை, போலீசுக்காவது போயிருக்கலாம். உடைத்தது சொந்தத் தம்பி. கூடவே கையில் உளியோடு ஒரு பூட்டுக்காரர், மாடிப்படி நெடுக வேடிக்கை பார்க்க அக்கம்பக்கம். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தவளைப் பார்த்து, "உயிரோடதான் இருக்கியா!" என்று தம்பி போட்ட கூச்சலில், குளித்ததே பெரிய குற்றமோ என்று அவளுக்கே ஒரு நிமிடம் தோன்றிவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். போனில் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. அது அணைந்தது அவளுக்குத் தெரியாது. தம்பி கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான், போகவில்லை. மறுபடியும் போகவில்லை. தலைகால் புரியாமல் ஓடிவந்து மணி அடித்திருக்கிறான். குழாய்ச் சத்தத்தில் மணி கேட்கவில்லை. ஒரு போன் அணைந்ததற்கு ஒரு கதவு போயிற்று.

"இதோ பாருக்கா," என்றான் தம்பி, மூச்சு வாங்க. "இன்னொரு தடவை உன் போன் இப்படி ஆஃப் ஆச்சு, அன்னிக்கே பெட்டியைக் கட்டிடுவேன். நம்ம வீட்டு மாடி ரூம் சும்மாதான் கிடக்கு."

அந்த மாடி அறை ஒன்றும் சும்மா கிடக்கவில்லை. துணி காயப்போட மட்டும் பயன்படுகிற டிரெட்மில் ஒன்று, உடைந்த பெட்டிகள், பழைய மெத்தை எல்லாம் அங்கேதான் குடியிருந்தன. ஆனால் அவளுக்குப் பயம் அறையைப் பற்றி இல்லை. தம்பி வீட்டில் அவள் எழுந்தால் ஒருவர் எழுவார். தண்ணீர் குடிக்கப் போனால் ஒருவர் ஓடிவந்து டம்ளரைப் பிடுங்குவார். எல்லாம் பாசம்தான், ஒரு சொல் குறை சொல்ல முடியாது. இரண்டு நாள் இருந்தாலே அவளுக்குத் தான் ஒரு பூந்தொட்டி ஆகிவிட்டதாகத் தோன்றும். இந்தச் சின்ன வீட்டை விட்டுப் போக அவளுக்கு அறவே மனசில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து நரம்புகளைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. கால்கள் பழையபடி ஆகிவிட்டன. வாயைக் காய்ச்சல் தொடவேயில்லை என்பது தம்பியின் நெடுநாள் வருத்தம். கைகள் மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டன. தோளிலிருந்தே பலம் குறைவு. இரண்டு விரலால் ஒன்றைக் கிள்ளிப் பிடிக்கிற வேலை அடியோடு போய்விட்டது. அதற்காக அவள் மூலையில் உட்காரவில்லை. குழாய்களை முழங்கையால் தள்ளித் திறக்கிற மாதிரி மாற்றினாள். இரண்டு பக்கமும் காது வைத்த கோப்பை வாங்கினாள். பற்பசை மூடியைப் பல்லால் திறந்தாள். மிச்சமிருந்த ஒரே எதிரி சார்ஜர் வயர். போனை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, வயரின் முனையை வாயில் கவ்வி, குனிந்து அந்த ஓட்டையைத் தேடுகிற கோலத்தை ஒருநாள் கண்ணாடியில் பார்த்தபோது அவளுக்கே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

போன் இல்லாமலும் முடியாது. அவளுடைய பிழைப்பே அதுதான். மருத்துவர் பேசுகிற மொழி நோயாளிக்குப் புரியாது, நோயாளி பேசுவது மருத்துவருக்குப் புரியாது என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து இவளைக் கூப்பிடுவார்கள். அங்கே அவர்கள் இரண்டு பேர், இங்கே இவள் ஒருத்தி. மாற்றி மாற்றி மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும். பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து, போனைக் காதோடு சாய்த்து வைத்துக்கொண்டு, பிறத்தியார் வீட்டு நோயை மெதுவான குரலில் சொல்வாள். சிலரிடம் கெட்ட செய்தி சொல்லவேண்டி வரும். அப்போது குரல் இன்னும் இறங்கும்.

வயர் இல்லாமல் சார்ஜ் ஏற்றுகிற பலகை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தவர் மாப்பிள்ளை, அதாவது கடைக்குட்டித் தங்கையின் கணவர். சோறில்லாமல் இருப்பார், போன்களைப் பற்றிய வீடியோ இல்லாமல் இருக்கமாட்டார். அந்தப் பலகையின் மேல் போனைப் படுக்க வைத்தால் போதும், ஏறும் என்றார். ஏறத்தான் செய்தது. ஆனால் ஒவ்வொரு குறுஞ்செய்திக்கும் போன் அதிரும். அதிர்ந்தால் நகரும். விரற்கடை நகர்ந்தால் சார்ஜ் நின்றுவிடும். கதவு உடைந்த அன்றும் அப்படித்தான், விடிய விடியப் பலகையின் மேல் படுத்திருந்த போன் பட்டினியாகவே எழுந்தது.

அதனால் குடும்பம் கூடியது. கூடிய இடம் அவளுடைய கூடம். பேசப்பட்ட பொருள் அவளுடைய போன். பேசுவதற்கு அவளுக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை.

மாப்பிள்ளை ஒரு பையைக் கவிழ்த்தார். வட்டவட்டமாகச் சார்ஜர்கள் மேசையில் உருண்டன.

"அக்கா, நான் முதல்ல கொடுத்தது பழைய முறை. அதுல காந்தமே கிடையாது. அப்புறம் ஒரு கம்பெனி என்ன பண்ணிச்சுன்னா, தன்னோட போன் முதுகுல வட்டமா காந்தம் வச்சுது. பக்கத்துல கொண்டுபோனா தானா போய்ச் சரியான இடத்துல ஒட்டிக்கும். நகராது. அதைப் பாத்துட்டு, எல்லாக் கம்பெனிக்கும் பொதுவா ஒரு முறை கொண்டுவந்தாங்க. அதுக்குப் பேரு சீ டூ."

"என்னது?"

"சீ. டூ."

"சின்னப் பசங்க சண்டை போட்டுக்கற மாதிரி இருக்கே மாப்ளே," என்றாள் பெரியக்கா. யாரும் சிரிக்கவில்லை.

"உங்க போன் அதுக்கு 'ரெடி' வகை. அதாவது போன்ல காந்தம் இல்ல. காந்தம் வச்ச கவர் போட்டா வேலை செய்யும்."

"காந்தமே இல்லாம என்ன ரெடி? அரிசி வாங்கிட்டாலே சாப்பாடு ரெடியா?"

"அப்படி இல்லக்கா..." என்று ஆரம்பித்த மாப்பிள்ளையைத் தம்பி மறித்தான். "மாப்ளே, கதை எல்லாம் அப்புறம். எது விழாது? அதைச் சொல்லுங்க."

"மச்சான், விழறதைவிட வேகம் முக்கியம். இது பதினஞ்சு வாட். புதுசா வந்தது இருபத்தஞ்சு. இதோ இது சும்மா 'பொருந்தும்'னு மட்டும் போட்டிருக்கான், முத்திரை கிடையாது, ஏழரைகூட ஏறுமோ என்னவோ."

"வேகம் யாருக்கு வேணும்? ரேஸுக்கா போறா?"

தம்பிக்கு வேலை லிஃப்ட் பரிசோதனை. கட்டடம் கட்டடமாகப் போய், இந்த லிஃப்ட் ஓடலாம், இது ஓடக்கூடாது என்று முத்திரை குத்துகிறவன். இத்தனை வருடத்தில் அவன் மனசில் ஆழமாகப் பதிந்த வேதம் ஒன்றே ஒன்று: தொங்குவது விழக்கூடாது. ஒரு கயிறு தாங்கும் என்றால் நாலு கயிறு போடு. அவனுடைய பையில் எப்போதும் ஒரு ஸ்பிரிங் தராசு இருக்கும். கொக்கியில் மாட்டி இழுத்தால் எவ்வளவு விசை என்று முள் காட்டும். அன்றைக்கு அதை எடுத்து ஒவ்வொரு சார்ஜரிலும் கவரை ஒட்டவைத்து, கொக்கியை மாட்டி, இழுத்து இழுத்துப் பார்த்தான். முத்திரை இல்லாதது லேசாக இழுத்ததுமே கையோடு வந்துவிட்டது. "இதெல்லாம் ஒரு பிடியா!" என்று தூக்கிப் போட்டான். அடுத்தது கொஞ்சம் தாங்கியது. அதற்கடுத்ததில் முள் மளமளவென்று ஏறி, அவனே பல்லைக் கடித்து இழுத்த பிறகுதான் 'டப்' என்று விட்டது. தம்பியின் முகம் மலர்ந்தது.

"இதுதான் பிடி! உடும்புப் பிடி!"

"வாட்டும் இதுலதான் அதிகம் மச்சான்," என்றார் மாப்பிள்ளை. காலையிலிருந்து அடித்துக்கொண்டவர்கள் ஒருவழியாக ஒத்துப்போனார்கள். இரண்டு பேரும் ஒத்துப்போனதே பெரிய காரியம் என்று தம்பி மனைவி டீயை எடுத்துவந்தாள். பெரியக்கா எதையோ கேட்க வாயெடுத்தாள். எதைக் கேட்க வேண்டும் என்று அவளுக்கே அப்போது தெளிவாக இல்லை, ஏதோ ஒன்று உறுத்தியது. அதற்குள் தம்பி துளைபோடும் கருவியைக் கொண்டுவந்துவிட்டான்.

படுக்கையறைச் சுவரில் ஓட்டை போட்டு, சார்ஜரைத் திருகாணியால் முடுக்கினான். அதோடு விட்டானா? காந்தம் ஒருவேளை விட்டுவிட்டால் என்ன ஆவது என்று கீழே ஒரு தாங்கி வைத்தான். பக்கவாட்டில் நழுவினால் என்ன ஆவது என்று இரண்டு பக்கமும் தகட்டுத் தடுப்பு அடித்தான். போன் கிணற்றுக்குள் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது. "பூகம்பமே வந்தாலும் அசையாது" என்று சுவரைத் தட்டிக் காட்டிவிட்டு, "ஞாயித்துக்கிழமை வந்து பாப்பேன். நடுவுல ஒரு தடவை ஆஃப் ஆச்சுன்னா மாடி ரூம்தான்" என்று சொல்லிக் கிளம்பினான்.

மறுநாள் காலை போன் நூறு சதவீதம் ஏறியிருந்தது. பெரியக்காவுக்கு மாப்பிள்ளையின் மேலும் தம்பியின் மேலும் நிஜமாகவே அன்பு பொங்கியது. அந்த அன்பு ஆஸ்பத்திரியிலிருந்து முதல் அழைப்பு வரும்வரைதான் நின்றது.

போன் அடித்தது. எடுக்கப் போனாள். வரவில்லை. கீழ் விளிம்பில் விரலைக் கொடுக்கப் பார்த்தாள், தாங்கி மறித்தது. இரண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் அமுக்கப் பார்த்தாள், தகடு மறித்தது. மேல் விளிம்பு ஒன்றுதான் பாக்கி, அதில் மணிக்கட்டை வைத்து நெம்பினால் மணிக்கட்டுதான் வலித்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் விரல் முட்டியால் திரையைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு, சுவரைப் பார்த்து நின்றபடி மொழிபெயர்க்க ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் ஒரு நடுவயது மனிதர். மருத்துவர் சொன்ன செய்தி நல்லதாக இல்லை. அதை மெதுவாகச் சொல்லலாம் என்றால் ஸ்பீக்கருக்கு எட்டாது. உரக்கச் சொன்னால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். ஓடிப்போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, வெயிலில் அடைத்த அறையில், ஒரு முன்பின் தெரியாத மனிதரிடம் அவருடைய ஈரலைப் பற்றிச் சுவரைப் பார்த்துக் கத்தினாள். அவர் அழுதபோது அவளுக்கு உட்கார இடமில்லை. தண்டனை கொடுத்து நிற்கவைத்த பள்ளிப்பிள்ளை மாதிரி நின்றாள்.

பேசி முடித்ததும் மூளை வேலை செய்தது. கவரின் மூலையில் கயிறு கட்ட ஒரு துளை இருந்தது. அதில் ஒரு நாடாவைப் பல்லாலும் உதட்டாலும் கோர்த்து முடிச்சிட அரை மதியம் போயிற்று. நாடாவை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, கைக்குப் பலமில்லாவிட்டால் என்ன, உடம்புக்கு எடை இருக்கிறதே என்று முதுகைச் சாய்த்து அப்படியே பின்னால் போனாள்.

மூலை பிளந்தது. போன் வந்தது. கவர் வரவில்லை.

காந்தம் கவரில்தான் இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னாரே, அந்தக் கவர் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்க, போன் மட்டும் வழுக்கிக்கொண்டு தாங்கியைத் தாண்டித் தரையில் போய் விழுந்தது. பெரியக்கா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அடித்துக்கொள்ளவும் கை வேண்டுமே. தரையில் உட்கார்ந்து, போனை இரண்டு கையாலும் அள்ளி, மார்போடு அணைத்து எழுந்து, வெளியே வைத்தால் சார்ஜ் தீர்ந்துவிடுமே என்று சுவரில் ஒட்டியிருந்த கவருக்குள் அதைத் தோளால் முட்டி முட்டித் திணித்தாள். கடைசியில் 'க்ளிக்' என்றது. திரையில் நல்லவேளையாகக் கீறல் இல்லை. அதோடு நாடா வைத்தியத்தை விட்டுவிட்டாள்.

தம்பியிடம் சொல்லலாம். சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் என்னவென்று சொல்வது? போன் கீழே விழக்கூடாது என்று அவன் மாட்டினான், அதை எடுக்கத் தன்னால் முடியவில்லை என்றா? சொன்ன மறுநொடி பெட்டி கட்டு என்பான். எனவே வாயை மூடிக்கொண்டாள். வாயை மூடுவது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை, அதனால் அந்த வாரம் இரட்டிப்பாக எரிச்சல் வந்தது.

வீட்டில் அறைகள் இருந்தும் படுக்கையறையை விட்டு நகர முடியவில்லை. சமையலறைக்குப் போனால் போன் அடிக்கும். ஓடிவந்தால் தம்பி.

"அக்கா, சார்ஜ் எவ்வளவு?"

"நூறு."

"பாத்தியா!"

பால்கனிக்குப் போய் ஒரு காற்று வாங்கலாம் என்றால் மறுபடி அடிக்கும். ஓடிவந்தால் மாப்பிள்ளை. "அக்கா, சூடாகுதா? தொட்டுப் பாத்து சொல்லுங்களேன்." சூடாகத்தான் இருந்தது, போன் அல்ல. குளிப்பதைக்கூட அவசர அவசரமாக முடித்தாள். கடைக்குப் போகவில்லை, ரொட்டி தீர்ந்து பிஸ்கட்டில் ஓட்டினாள். கட்டிப்போட்டால்கூடக் கயிற்றின் நீளத்துக்கு நடக்கலாம், இவளுக்கு அதுவும் இல்லை. தனியாக இருப்பதற்காகத்தானே இத்தனையும், தனியாக இருப்பது என்றால் இதுவா என்று ஒரு மாலையில் சுவரோடு நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். நெற்றிக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி, அவன் மனைவி, மாப்பிள்ளை மூன்று பேரும் வந்தார்கள். தம்பி செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் நேரே படுக்கையறைக்குப் போனான். நூறு.

"அவ்வளவுதான்க்கா, நீ ஜெயிச்சிட்டே! மாடி ரூம் பேச்சையே இனிமே எடுக்கமாட்டேன்." அவனுடைய சந்தோஷத்தில் கள்ளம் இல்லை. "ஒண்ணு பண்றேன். இதே மாதிரி சமையலறையில ஒண்ணு, கூடத்துல ஒண்ணு அடிச்சுத் தந்துடறேன்."

ஜெயித்தாயிற்று. வாயைத் திறக்காமல் இருந்தால் வீடு அவளுடையது. பெரியக்கா தலையை ஆட்டினாள். அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது.

"எல்லாரும் வெளிய போங்க, இது அடுத்தவங்க விஷயம்," என்று விரட்டிவிட்டு, கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, சுவரைப் பார்த்து நின்று பேசினாள். ஒரு பெண், பிரசவத்துக்கு நாள் குறிக்கிறார்கள், பயப்படுகிறாள். பயப்படாதே என்பதை எவ்வளவு சத்தமாகச் சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று பெரியக்காவுக்குத் தெரியவில்லை. கதவைத் திறந்தபோது மூன்று பேரும் கூடத்தில் மூன்று திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

தம்பி மனைவிதான் முதலில் கேட்டாள். அவள் அதிகம் பேசாதவள், ஆனால் கண் இருக்கிறவள். "அண்ணி, ஏன் நின்னுக்கிட்டே பேசறீங்க? சட்டை முதுகெல்லாம் நனைஞ்சிருக்கு. அதை எடுக்க வரலையா உங்களுக்கு?"

வருகிறது என்று சொல்லலாம். இப்படிப் பேசுவதுதான் வசதி என்று சொல்லலாம். ஒரு வாரமாக மென்று விழுங்கியதெல்லாம் வெளியே வந்தது.

"வரலை! போதுமா? வரலை! ஒரு வாரமா வரலை!"

தம்பி எழுந்து உள்ளே போனான். இரண்டு விரலால் பிடித்தான், சுண்டினான், போன் கையில் வந்தது. "வருதேக்கா. ஈசியா வருதே."

"உனக்கு வருதுடா!"

"கொஞ்சம் சாய்ச்சு இழுக்கணும்..."

"சாய்ச்சும் பாத்துட்டேன், கயிறு கட்டியும் பாத்துட்டேன். போன் வந்துச்சு, கவர் சுவத்துலயே நின்னுடுச்சு. போய் உன் தராசுல நிறுத்துப் பாரு!"

கோபத்தில் சொன்னதை அவன் வேலையாக எடுத்துக்கொண்டான். பையிலிருந்து ஸ்பிரிங் தராசு வந்தது. ஒரு துண்டை வளையமாக்கி அவள் மணிக்கட்டில் மாட்டி, கொக்கியைக் கோர்த்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டான். "இழுக்கா. உன்னால முடிஞ்ச மட்டும்."

அவன் பார்க்கக்கூடாது என்று அவள் ஒன்றை இத்தனை வருடம் மறைத்திருந்தாள் என்றால், அது இதுதான். விட்டுவிடு என்று சொல்ல நினைத்தாள். பிறகு வீம்பு வந்து, இழுத்தாள். தோள் நடுங்க இழுத்தாள்.

தம்பி முள்ளைப் பார்த்தான். தராசை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினான். "சிக்கிக்கிச்சு போல. மறுபடி இழு."

மறுபடி இழுத்தாள். முள் அதே இடத்துக்கு வந்து நின்றது. தராசில் கோளாறு எதுவும் இல்லை என்று புரிந்துகொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாப்பிள்ளை மெதுவாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இவ்வளவுதானாக்கா?"

"இவ்வளவுதான்."

"எப்பவுமே?"

"காலையில கொஞ்சம் கூட இருக்கும்."

அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். கண் சிவந்திருந்தது. "இதை வச்சுக்கிட்டா தனியா இருக்கே? நான் பாட்டுக்கு நல்லா இருக்கேன்னு நினைச்சுக்கிட்டு... வேணாம்க்கா. இனிமே என்னால தூங்க முடியாது. கிளம்பு. இன்னிக்கே கிளம்பு."

இதற்குத்தான் பயந்தாள். பயந்தது நடந்துவிட்டதும் பயம் போய், சுத்தமான ஆத்திரம் மட்டும் மிஞ்சியது.

"உக்காரு, கிளம்பறதெல்லாம் அப்புறம். ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. லிஃப்ட்டுக்குள்ள ஒரு ஆள் மாட்டிக்கிட்டான். உள்ளேருந்து கதவைத் தள்ளறான், திறக்கலை. நீ போய்ச் சோதனை பண்ணும்போது யாரை ஃபெயில் பண்ணுவே? கதவையா, ஆளையா?"

தம்பி தராசின் கொக்கியைத் திருகினான்.

"சொல்லுடா."

"கதவைத்தான்."

"நல்லா கேட்டுக்கோ. இந்தக் கையை வச்சுக்கிட்டுதான் குழாயைத் திறக்கறேன், சமைக்கறேன், சம்பாதிக்கறேன். இந்தக் கையாலதான் உன் பசங்க பிறந்தநாளுக்குக் கேக் பண்ணித் தந்தேன், ரெண்டு வாய் கூடவே கேட்டு வாங்கித் தின்னே. அப்பல்லாம் முள் எவ்வளவு காட்டிச்சு? சார்ஜர் எவ்வளவு பலமா பிடிக்குதுன்னு மூணு பேரும் விழுந்து விழுந்து பாத்தீங்களே, நான் எடுத்தா வருமான்னு ஒரு ஆள் கேட்டீங்களா? உங்க உடும்பு ஃபெயில்டா. நான் இல்ல."

தம்பி எழுந்து, திருப்புளியை எடுத்து, பக்கத் தகடுகளையும் கீழ்த் தாங்கியையும் கழற்ற ஆரம்பித்தான். வேலை செய்யும்போது அவன் முகம் தெரியாதபடி சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தான்.

"ஏன்க்கா முதல் நாளே சொல்லலை?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

அவன் அடுத்த திருகாணியைக் கழற்றினான். இரண்டு பேருக்குமே பதில் தெரியும்.

காந்தத்தின் பிடியை எப்படிக் குறைப்பது என்பதில் மாப்பிள்ளை உதவினார், அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். நடுவில் எதையாவது கொடுத்து இடைவெளி கூட்டினால் காந்தம் தளரும், ரொம்பக் கூட்டினால் சார்ஜ் ஏறாது என்றார். தம்பி மனைவி மருந்துப் பெட்டியிலிருந்து காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரிச் சுருளை எடுத்துவந்தாள். கவரின் முதுகில் ஒரு படலம் ஒட்டினார்கள். பெரியக்கா இழுத்தாள், வரவில்லை. இன்னொன்று. வரவில்லை. "மச்சான், வேகம் குறையும், பாதிகூட வராது," என்று மாப்பிள்ளை முனகினார். "மெதுவா ஏறட்டும் மாப்ளே, அவ எங்க ஓடப்போறா," என்ற தம்பி, சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மேலும் ஒட்டி, இரண்டு கைகளின் அடிப்பகுதியையும் கீழ் விளிம்பில் கொடுத்து நெம்பியபோது, போன் 'டப்' என்றுகூடச் சொல்லாமல் கவரோடு சேர்ந்து அவள் கைக்குள் சாய்ந்தது. திரும்ப வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. மாப்பிள்ளை தன் போனிலிருந்து விடாமல் கூப்பிட்டு அதை அதிரவைத்துப் பார்த்தார், அசையாமல் ஒட்டியிருந்தது. தம்பி தன் தராசால் அந்தப் பிடியை அளந்தான். முதல் நாள் இதெல்லாம் ஒரு பிடியா என்று தூக்கிப் போட்டானே, அதைவிடவும் குறைவு.

"பாஸா?" என்று கேட்டாள் பெரியக்கா.

"பாஸ்," என்றான் தரையைப் பார்த்து.

மாடி அறையைப் பற்றி யாரும் வாயெடுக்கவில்லை. விடைபெறும்போது தம்பி சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் படியிறங்கினான்.

அவர்கள் தெருவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கமாட்டார்கள், போன் அடித்தது. படுக்கையறைக்குப் போனாள். கைகளைக் கீழே கொடுத்து நெம்பினாள், வந்தது. காதில் சாய்த்துக்கொண்டே கூடத்தைக் கடந்து, ஒரு வாரமாகப் போகாத பால்கனிக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா. எடுக்க வருதான்னு பாத்தேன்." கீழே, எதிர்ப்புற நடைபாதையில், போனைக் காதில் வைத்துக்கொண்டு அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்துவிட்டான். அதற்குப் பிறகும் வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"வைடா," என்றாள் பெரியக்கா. "சார்ஜ் இறங்குது."